தொட்டா அவுட்

ஆட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தது கோச் இல்லை, பிள்ளைகள். அவள் தாளில் எழுதிக் கொடுத்த பெயர் ‘கவசம்’. ஒரே வாரத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ‘தொட்டா அவுட்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்கள் வைத்ததுதான் சரியான பெயர் என்று அவளுக்கு உறைக்க ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் ஆட்டம் நாற்பது பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

பன்னிரண்டு வருஷம் கோல் காத்தவள் அவள். முழங்கால் போன பிறகு, விளையாட்டு வழியாக வளரும் பிள்ளைகளுக்கு எச்ஐவி பற்றிச் சொல்லிக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தாள். வாரத்தில் நான்கு நாள், மூன்று பெண்கள் பள்ளி. நாலரை மணிக்குக் கால்பந்து, அதன் நடுவே அரை மணி நேரம் பாடம்.

நிறுவனம் கொடுத்த கையேட்டில் பாடத்துக்கென்று ஓர் ஆட்டம் இருந்தது. பிள்ளைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்க வேண்டும். ஒரு வரிசை முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பந்தைக் கைமாற்றும். பந்து யாரிடம் இருக்கிறது என்று எதிர் வரிசை கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாது. முகத்தைப் பார்த்து யாருக்கு எச்ஐவி இருக்கிறதென்று சொல்ல முடியாது என்பதுதான் பாடம்.

முதல் நாளே பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். “அக்கா, இது பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு” என்றாள் கோல்கீப்பர். உயரமும் அகலமுமாக இருப்பதால் அவளுக்குச் ‘சுவரு’ என்று பெயர். கோச்சுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். மைதானத்தில் நிற்க வைத்துச் சொல்லித் தருவதற்கு மைதானம் எதற்கு? வியர்க்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். பயிற்சி நன்றாகப் போகிறதா என்று அவள் கண்ணால் பார்க்கிறவள் இல்லை, காதால் கேட்கிறவள். சத்தம் இருந்தால் சரி.

அப்படி உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியதுதான் அந்த ஆட்டம். ஒருத்திக்குச் சிவப்புப் பனியன். அவள்தான் கிருமி. சுண்ணாம்புப் பொடியால் போட்ட மூன்று வட்டங்கள் பாதுகாப்பு. ஆணுறை எதற்கு, பரிசோதனை எங்கே செய்வார்கள், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்கு ஏன் போடக்கூடாது என்று கோச் கேட்பாள். பதில் தெரிந்தவள் வட்டத்துக்குள் நிற்கலாம். தெரியாதவள் ஓட வேண்டும். சிவப்பு தொட்டால் கோட்டோரம் போய் உட்கார வேண்டியதுதான். கடைசிவரை நிற்பவள் ஜெயித்தவள்.

அன்று மைதானத்தில் எழுந்த சத்தத்தில் தலைமை ஆசிரியை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சிவப்புப் பனியனை யாருக்குக் கொடுப்பது என்பதில் குழப்பமே இல்லை. தந்திக்குத்தான். அந்தப் பெயரை வைத்தவள் கோச். வலது ஓரத்தில் பந்தை வாங்கிக்கொண்டு அவள் கிளம்பினால் எதிர் அணியின் பின்வரிசை திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

“தந்தின்னா என்னக்கா?”

“போன் இல்லாத காலத்துல சேதி அனுப்பறது. ரொம்ப வேகமா போய்ச் சேரும்.”

“எவ்வளவு வேகம்?”

“ஒரு நாள்ல போயிடும்.”

“ஒரு நாளா! இதுக்கு என்னை ஆமைன்னே கூப்பிட்டிருக்கலாம்” என்றாள் அந்தப் பதினைந்து வயதுப் பெண். அணியே விழுந்து விழுந்து சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

தந்தியிடம் ஒரே ஒரு குறை. ஐந்தே முக்காலுக்கு மணிக்கட்டில் கடிகாரம் பீப் அடிக்கும். பந்து காலில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். “ஆறு மணிக்கு வீட்ல இல்லன்னா சித்தி திட்டும்” என்பாள். “உங்க சித்தி என்ன, ஜெயில் வார்டனா?” என்று கோச் கேலி செய்வாள். தந்தியும் சிரித்துக்கொண்டேதான் ஓடுவாள்.

வாரத்துக்கு இரண்டு முறை தந்தி சிவப்பைப் போட்டுக்கொண்டாள். அவள் கை நீண்டாலே பிள்ளைகள் வீல் என்று அலறினார்கள். கொஞ்ச நாளில் பனியன் இல்லாதபோதும் அவளைச் ‘சிவப்பு’ என்றார்கள். தண்ணீர் குடிக்க வரிசையில் நின்றால், “ஏய், சிவப்பு தொட்ட பாட்டில்டி, போச்சு!” என்று எவளாவது கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். தந்தி எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கோச்சின் காதில் விழத்தான் செய்தது. பாடம் நன்றாக இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

எழுத்துத் தேர்விலும் அப்படித்தான் தெரிந்தது. ‘தொடுவதால் எச்ஐவி பரவுமா?’ என்ற கேள்விக்கு எல்லோரும் ‘பரவாது’ என்றே எழுதியிருந்தார்கள். திட்ட அதிகாரி விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு நேரில் வந்தார், ஆட்டத்தைப் பார்த்தார், கையோடு ஒரு புகைப்படக்காரரையும் அழைத்து வந்திருந்தார். மறு மாதம் ஆட்டம் கையேட்டில் ஏறியது. அதற்கடுத்த மாதம் சுவரொட்டி வந்தது. சிவப்புப் பனியனில் ஒரு பெண் கையை நீட்டிப் பாய்கிறாள், முன்னால் எட்டுப் பேர் வாயைப் பிளந்துகொண்டு ஓடுகிறார்கள். மேலே பெரிய எழுத்தில் ‘தப்பித்துக்கொள்!’

சுவரொட்டியைக் கோச்தான் தன் கையால் பள்ளி நடையில் ஒட்டினாள். நான்கு மூலையும் பார்த்துப் பார்த்து ஒட்டினாள். அதற்கு மறுநாளிலிருந்து தந்தி பயிற்சிக்கு வரவில்லை.

முதல் வாரம் காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். இரண்டாவது வாரம் கோபம் வந்தது. அரையிறுதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது, வலது ஓரத்தில் நிறுத்த வேறு ஆள் இல்லை. “ஸ்கூலுக்கு வர்றாக்கா, பெல் அடிச்சதும் போயிடறா” என்றாள் சுவரு. “கேட்டா, கால்வலின்னு சொல்றா. நடக்கறப்ப நொண்டல. பொய் சொல்லக்கூட ஒழுங்கா தெரியல அவளுக்கு.”

வீட்டில் நிறுத்திவிட்டார்கள், அந்தச் சித்திதான் காரணம் என்று கோச் முடிவு கட்டிவிட்டாள். எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறாள். பதினைந்து வயதானதும் பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடியே சித்தி வேலை செய்யும் சலவைக் கடைக்குப் போனாள்.

கடைக்குள் ஆவி புகைந்தது. தலைக்கு மேலே கம்பிகளில் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் எழுதிய துண்டுச்சீட்டு. சித்தி முப்பத்தைந்து வயது இருக்கும் ஒல்லியான பெண். ஒரு காலால் மிதியை அழுத்தி, சட்டைக் காலரை இயந்திரத்தின் வாயில் கொடுத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

“நான் தந்தியோட கோச்.”

“தெரியும். படம் பார்த்தேன்” என்றாள் சித்தி, கையை நிறுத்தாமல்.

“அவளை ஏன் நிறுத்தினீங்க? அவ கால்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

சித்தி இயந்திரத்தை அணைத்தாள். முன்பக்கம் வாடிக்கையாளர் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து, அதிலிருந்த கால்பந்து ஷூக்களை மேசைமேல் வைத்தாள். ஒரு ஷூவின் முனைக்குள் விரலை விட்டுத் தினசரித் தாள் உருண்டையை வெளியே இழுத்தாள். தாளுக்குள் மாத்திரைகள் இருந்தன.

“பன்னெண்டு இருக்கு. பன்னெண்டு நாளா வாயில போட்டு, தண்ணி குடிச்சு, என் கண்ணு முன்னாடியே முழுங்கற மாதிரி காட்டிட்டு, இதுக்குள்ள துப்பி வெச்சிருக்கா. ஷூவைத் துவைக்கலாம்னு நேத்துதான் எடுத்தேன்.”

கோச்சுக்கு அந்த மாத்திரையைத் தெரியும். கையேட்டில் அதன் படம் இருக்கிறது.

“பொறக்கறப்பவே வந்தது. எங்க அக்காகிட்டேர்ந்து” என்றாள் சித்தி. “பன்னெண்டு வயசுல டாக்டரம்மா அவகிட்ட சொன்னாங்க. ஒரு நாள்கூட விட்டதில்ல. ஆறு மணின்னா ஆறு மணி. போன தடவை ரத்தம் பார்த்தப்ப கிருமி டெஸ்ட்லயே தெரியாத அளவுக்குக் கொறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க. அன்னிக்கு ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போனோம்.” காலரை விரலால் நீவிக்கொண்டே, “விளையாட்டுல படம் எடுக்கறாங்கன்னு சொன்னா. நான்தான் கையெழுத்துப் போட்டேன். படிச்சுப் பார்த்திருக்கணும்” என்றாள்.

கோச் தயார் செய்து வந்த பிரசங்கத்தில் ஒரு வரியும் இதற்குப் பொருந்தவில்லை. ஜெயில் வார்டன் என்று தான் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

தந்தி கடையின் பின்அறையில் இருந்தாள். கோட்டுகளின் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் துண்டுச்சீட்டு குத்திக்கொண்டிருந்தாள். கோச்சைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. சித்தி மேசைமேல் ஷூவை வைத்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“சித்தி சொல்லிடுச்சா?”

“சொன்னாங்க.” கோச் ஒரு துணிமூட்டையின்மேல் உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியாது தந்தி. தெரிஞ்சிருந்தா உன்கிட்ட அந்தப் பனியனைக் கொடுத்திருக்கவே மாட்டேன்.”

“வேற எவகிட்டயாவது கொடுத்திருப்பீங்க. நான் ஓடியிருப்பேன். அது இதைவிட நல்லாவா இருந்திருக்கும்?”

கோச் கீழே விழுந்திருந்த ஒரு துண்டுச்சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“அவங்க விளையாட்டுக்குத்தான் கத்தினாங்க, எனக்குத் தெரியும். ஆனா கத்தினாங்கல்ல?” தந்தி ஒரு சீட்டைக் குத்தினாள். “பேப்பர்ல தொட்டா வராதுன்னு எழுதறோம். கிரவுண்டுல தொட்டா அவுட். இதுல எது ஞாபகம் இருக்கும்க்கா?”

“நான் அப்படி யோசிக்கல.”

“அப்புறம், அவுட் ஆனா உட்காரணும். ஆட்டம் முடியற வரைக்கும் எழுந்திரிக்கவே கூடாது. அது யாரு போட்ட ரூலு? நான் பொறக்கறப்பவே அவுட்டுக்கா. உட்கார்ந்துட்டா இருக்கேன்?”

கோச்சுக்குத் தந்தி வலது ஓரத்தில் பறந்த பறப்பெல்லாம் கண்முன் வந்து போயிற்று. ஆட்டத்தின் விதிகளைக் கோச் பத்துத் தடவை திருத்தியிருந்தாள். வட்டத்தின் அளவு, கேள்விகளின் வரிசை, நேரம் எல்லாம் திருத்தினாள். உட்கார்ந்தவளை எழுப்ப ஒரு விதி வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. விளையாட்டென்றால் அவுட்டானவள் வெளியேதான் போக வேண்டும். அவளுக்குத் தெரிந்த உலகம் அது.

“மாத்திரையை ஏண்டி நிறுத்தின?”

“அதைப் போடறப்பதான் நான் சிவப்புன்னு ஞாபகம் வருது.” இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “காலைல நடையில நுழைஞ்சதும் அந்தப் படம். ‘தப்பித்துக்கொள்’. என்கிட்டேர்ந்துதான தப்பிக்கச் சொல்றீங்க?”

“அதை எடுத்துடறேன். எல்லா ஸ்கூல்லேர்ந்தும். நீ இன்னிக்கே மாத்திரையை ஆரம்பி. தயவுசெஞ்சு.”

“முதல்ல எடுங்க. யாருகிட்டயும் சொல்லாம எடுங்க.”

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அதைச் சொல்லும்போது அவள் மனதார நினைத்துத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை திட்ட அலுவலகத்தில் சுவரொட்டிக் கட்டுகள் பிரிக்காமல் சுவரோரம் அடுக்கியிருந்தன. இரண்டாம் பதிப்பு. திட்ட அதிகாரி நல்ல மனிதர், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“படத்தை எடுத்துடணும் சார்.”

“எதுக்கு மேடம்? நாம இதுவரைக்கும் போட்டதுலயே இதுதான் நல்ல படம். ஒரு முகத்துலயாவது தூக்கம் தெரியுதா பாருங்க.”

“ஆட்டமே தப்பு சார். தொட்டா ஒட்டிக்கும்னு சொல்லித் தர்ற ஆட்டம் அது. வந்துட்டா வாழ்க்கையே முடிஞ்சதுன்னு சொல்லித் தர்ற ஆட்டம்.”

“நீங்க உண்டாக்கின ஆட்டம்தான?”

“நான் உண்டாக்கினதுதான். அதான் சொல்றேன்.”

அவர் சிரித்தார். “ரொம்ப யோசிக்கறீங்க. விடைத்தாளைப் பாருங்க, எல்லாரும் சரியாத்தான எழுதியிருக்காங்க? நீங்க சொல்றதுலயும் விஷயம் இருக்கு. அடுத்த வருஷம் கையேட்டைத் திருத்தறப்ப இதை எடுத்துக்கலாம்.”

“அடுத்த வருஷம் வரைக்கும் அவளால...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கையை விட்டு நழுவிய பந்து கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே கோல்கீப்பருக்குத் தெரிந்துவிடும். திரும்பி விழுந்து எட்டிப் பிடிக்கப் பார்ப்பாள். எட்டாது.

“எல்லாப் பிள்ளைங்களாலயும்னு சொல்ல வந்தேன்” என்றாள்.

அதிகாரி அவளைப் பார்த்தார். திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். சிவப்புப் பனியனில் அவர் பார்வை நின்றது. கையிலிருந்த பேனாவை மெதுவாக மூடினார்.

“வேண்டாம் மேடம். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது. நான் பார்த்துக்கறேன்.”

அந்தக் கருணைக்குப் பதில் அவர் கத்தியிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

அவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டார். மூன்றே நாளில் நாற்பது பள்ளிகளிலும் படம் இறங்கியது. அதற்காக அவர் நாற்பது தலைமை ஆசிரியர்களுக்கும் போன் செய்ய வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு, படத்தில் இருக்கும் பெண்ணின் வீட்டிலிருந்து ஆட்சேபம் வந்திருக்கிறது என்றார். அவரைப் பொறுத்தவரை அது நல்லெண்ணத்தில் சொன்ன பொய். எந்தப் பெண்ணின் வீடு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. எட்டுப் பேர் ஓடும் படத்தில் ஒருத்திக்குத்தான் முகம் முழுதாகத் தெரிந்தது.

படம் நடையில் ஒட்டியிருந்தபோது அதை நின்று பார்த்தவர்கள் யாருமில்லை. எடுத்த பிறகு எல்லோரும் பார்த்தார்கள். சுவரில் நான்கு மூலையிலும் பசை காய்ந்து, நடுவில் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு செவ்வகம். ஏன் எடுத்தார்கள்? யார் எடுக்கச் சொன்னது? ஐந்தே முக்காலுக்குத் தந்தி ஏன் ஓடுவாள்? அலுவலக அறையில் ஆரம்பித்த பேச்சு இடைவேளைக்குள் எட்டாம் வகுப்புவரை போய்விட்டது.

அன்று மாலை ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சுவரு தலை நிமிராமல் கேட்டாள். “அக்கா, தந்திக்கு... நெஜமாவாக்கா?”

“யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க.” அவள் கண்ணில் நீர் முட்டியிருந்தது. “அந்தப் பாட்டில் விஷயம் நான்தான் முதல்ல கத்தினேன். அவ சிரிச்சாக்கா. நல்லா சிரிச்சா.”

கோச் வாயைத் திறந்தாள். இல்லை என்றால் பொய், ஆமாம் என்றால் துரோகம். “அது நம்ம பேசற விஷயம் இல்ல. வார்ம்-அப் ஆரம்பிங்க” என்றாள். அப்படி மழுப்பியது ஆமாம் என்று சொல்வதைவிடத் தெளிவாக இருந்தது என்பது சுவருவின் முகத்தில் தெரிந்தது.

கோச் சலவைக் கடைக்குப் போனபோது சித்தி இயந்திரத்தை அணைக்கவில்லை.

“மாத்திரை போடறா. படம் இறங்கின அன்னிக்கே ஆரம்பிச்சுட்டா. சொன்ன வாக்கைக் காப்பாத்தறவ அவ” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தந்தி பின்அறையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் உறை அவள் கையில் இருந்தது.

“நாப்பது ஸ்கூலு. மூணு நாள். சும்மா கேட்டா எடுக்க மாட்டாங்கக்கா. யாருகிட்ட சொன்னீங்க?”

“நான் சொல்லல. ஒரு வார்த்தை... பாதி வார்த்தை வாயில வந்துடுச்சு. அவரா புரிஞ்சுக்கிட்டார்.”

தந்தி உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். திட்டுவாள் என்று கோச் காத்திருந்தாள்.

“படத்தை நீங்களே கிழிச்சிருக்கலாம். உங்க மூணு ஸ்கூல்ல மட்டும். அது போதுமா இருந்திருக்கும் எனக்கு” என்றாள் அவள், சாதாரணமாக, பந்தை இந்தப் பக்கம் கொடுத்திருக்கலாமே என்று சொல்வதுபோல. பிறகு உள்ளே போய்விட்டாள்.

அரையிறுதியில் தோற்றார்கள். கோச் பழைய கையேட்டைத் தேடி எடுத்தாள். இரண்டு வரிசை, முதுகுக்குப் பின்னால் பந்து. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். விடட்டும் என்று விட்டுவிட்டாள். சுவரு மட்டும் கொட்டாவி விடவில்லை. மற்ற பள்ளிகளில் ‘தொட்டா அவுட்’ ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். அதிகாரிக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் பரிவாகப் பதில் வந்தது. ஒருநாள் பேருந்து ஜன்னல் வழியாக, ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு சந்தில் அதை ஆடுவதைப் பார்த்தாள். சுண்ணாம்பு வட்டமும் இல்லை, கேள்வியும் இல்லை. ஒருத்தன் கையை நீட்டிக்கொண்டு ஓடினான், மற்றவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

அடுத்த வருஷம் லீக்கின் மூன்றாவது ஆட்டத்துக்கு வேறொரு பள்ளியின் மைதானத்துக்குப் போனார்கள். எதிர் அணியின் வலது ஓரத்தில் தந்தி நின்றாள். ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள். இருபதாவது நிமிடத்தில் பந்தை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கோச் தன் பின்வரிசைக்குக் கத்த வாயெடுத்து, கத்தாமல் விட்டாள். சுவரு பாய்ந்து விழுந்தும் பந்து வலைக்குள் போனது. சுவரு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, “இன்னும் தந்திதாண்டி நீ!” என்று கத்தினாள். தந்தி திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் வரிசையாக வந்து கைகொடுத்துக்கொண்டார்கள். தந்தி ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே வந்தாள். சுவருவிடம் வந்ததும் இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வரிசையின் கடைசியில் கோச் நின்றாள். அவள் கையையும் தந்தி பிடித்தாள், மற்றவர்களுடையதைப் போலவே, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“நல்லா ஆடினாங்க மேடம், உங்க பொண்ணுங்க” என்றாள்.

‘அக்கா’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்த காதில் ‘மேடம்’ விழுந்தது. “நீயும்தான்” என்று கோச் சொல்வதற்குள் அவள் நகர்ந்து போய்விட்டாள்.

மணிக்கட்டில் கடிகாரம் பீப் அடித்தது. இப்போது அவள் ஓடவில்லை. தன் அணியின் பக்கம் நடந்துபோய், புல்லில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, எல்லோர் நடுவிலும் ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“என்னடி அது?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“மாத்திரை.”

“எதுக்கு?”

“ஓடறதுக்கு.”

“எனக்கும் ஒண்ணு கொடேன், நான் நடக்கவே கஷ்டப்படறேன்” என்றாள் அவள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தந்தி பாட்டிலை நீட்டினாள். அவள் வாங்கிக் குடித்தாள்.

“அக்கா, டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு” என்று பின்னாலிருந்து சுவரு கூப்பிட்டாள்.

“நீங்க ஏறுங்க, வர்றேன்” என்றாள் கோச். பாட்டில் கைமாறி, கைமாறி, கடைசியில் தந்தியிடமே திரும்பி வந்தது. அவள் அதன் மூடியைத் திருகிப் பைக்குள் வைக்கும்வரை கோச் இந்தப் பக்கக் கோட்டிலேயே நின்றாள்.